ஷாக்கைத் தடுக்க எத்தனை ஆள் வேண்டும்?

என் லேப்டாப்பில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் இருக்கிறது. 2000 முதல் 2004 வரை என்பிஏ அணிகள் யாரை வாங்கின, யாரை விட்டுக்கொடுத்தன என்ற பட்டியல். ஆபீஸ் வேலை முடிந்து, பையன் தூங்கின பிறகு, ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியது. "இதுக்கு யாராவது காசு தர்றாங்களா?" என்று வீட்டில் கேட்டாச்சு. யாரும் தர மாட்டார்கள். ஆனா அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

2000 ஆகஸ்ட் 31. போர்ட்லாண்ட் அணி ஜெர்மைன் ஓ'நீலை இண்டியானாவுக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு டேல் டேவிஸை வாங்கிக்கொள்கிறது.

அதாவது 21 வயதுப் பையனைக் கொடுத்து 31 வயதுக்காரரை வாங்கியிருக்கிறார்கள். டேவிஸ் மோசமான ஆட்டக்காரர் இல்லை, அந்த வருஷம்தான் ஆல்-ஸ்டார் ஆனவர். இருந்தாலும் பத்து வருஷ வித்தியாசம். ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தேடப் போனால், பதில் போர்ட்லாண்டிலும் இல்லை, இண்டியானாவிலும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது. 7 அடி 1 அங்குல உயரத்தில்.

ஒரே ஆள், எல்லோருக்கும் தலைவலி

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஷகீல் ஓ'நீல், சுருக்கமா ஷாக். (ஜெர்மைன் ஓ'நீலுக்கும் இவருக்கும் உறவு எதுவும் கிடையாது. பெயர் ஒற்றுமைதான். எனக்கே ஆரம்பத்தில் குழப்பியது.) 1996-இல் ஆர்லாண்டோவிலிருந்து லேக்கர்ஸுக்கு வந்தார். 1999-இல் கோச்சாக ஃபில் ஜாக்சன் வந்தார். அந்த முதல் சீசனிலேயே லேக்கர்ஸ் 67 வெற்றி, 15 தோல்வி. ஷாக் ஆட்டத்துக்குச் சராசரி 29.7 புள்ளிகள், 13.6 ரீபவுண்டுகள். சீசனின் மதிப்புமிக்க வீரர் விருதுக்கு 121 ஓட்டுகளில் 120 அவருக்கே விழுந்தது.

உயரமான ஆட்கள் என்பிஏவில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஷாக்கின் விசேஷம் எடை. 147 கிலோ என்பது காகிதத்தில் போட்ட கணக்கு. அந்த உடம்போடு அவர் ரிங்குக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கிவிட்டால், பின்னால் நிற்பவர் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. தள்ளினாலும் நகரமாட்டார். விட்டால் டங்க்.

ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. அவருக்கு ஃப்ரீ த்ரோ வராது. அந்த சீசனில் 52.4 சதவீதம்தான் உள்ளே போனது. ஃபீல்டு கோல் 57.4 சதவீதம். இதை வைத்து ஒரு குட்டிக் கணக்கு போடலாம். 100 தடவை அவரை ஷாட் அடிக்க விட்டால் 115 புள்ளி. 100 தடவை ஃபவுல் செய்து இரண்டிரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தால் 105 புள்ளி. ரிங்குக்கு அடியில் பந்து போய்விட்டால் 57 சதவீதம் எல்லாம் இல்லை, இன்னும் அதிகம். ஆகவே ஃபவுல் செய்வது லாபம்.

ஆனால் ஒருவர் ஒரு ஆட்டத்தில் 6 ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும். இங்கேதான் விஷயம் ஆட்டத் தந்திரத்திலிருந்து ஆள் சேர்ப்புக்குத் தாவுகிறது. ஒரு சென்டர் இருந்தால் 6 ஃபவுல் கையிருப்பு. மூன்று பேர் இருந்தால் 18. அந்த மூன்றாவது ஆளுக்குப் பந்தைத் தட்டத் தெரியுமா, ஷாட் அடிக்கத் தெரியுமா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பெரிய உடம்பும், செலவழிக்க 6 ஃபவுலும் இருந்தால் போதும், பெஞ்சில் ஒரு இடம் உண்டு. சர்வர் விழுந்துவிடும் என்று பயந்து உபரி சர்வர் வாங்கி அடுக்குவது போலத்தான் இது.

2000 ஃபைனலில் இண்டியானா இதைச் செய்து பார்த்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஷாக் 39 ஃப்ரீ த்ரோ அடித்தார், உள்ளே போனது 18. ஒரு ஃபைனல் ஆட்டத்தில் 39 முயற்சி என்பது அப்போது சாதனை. சரி, திட்டம் பலித்ததா? லேக்கர்ஸ் 111-104 என்று ஜெயித்தது. ஷாக் 40 புள்ளி. அந்த ஃபைனல் முழுக்க அவர் சராசரி 38. இண்டியானா 4-2 என்று தோற்றது.

அந்த இண்டியானா அணியில் ஆடியவர்தான் டேல் டேவிஸ். ஷாக் சராசரி 38 புள்ளி அடித்ததை மைதானத்துக்குள் இருந்தே பார்த்தவர். அவரைத்தான் இரண்டரை மாதம் கழித்து, ஷாக்கைத் தடுக்க வேண்டும் என்று போர்ட்லாண்ட் வாங்கியது.

போர்ட்லாண்டின் கடைசிப் பத்து நிமிஷம்

போர்ட்லாண்டைக் கிண்டல் செய்வது சுலபம். நானும் பல வருஷம் செய்திருக்கிறேன். ஆனா அவர்கள் இடத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிடலாம்.

2000 ஜூன் 4, மேற்குப் பிரிவு ஃபைனல், ஏழாவது ஆட்டம். ஜெயிப்பவர் என்பிஏ ஃபைனலுக்குப் போகலாம். நான்காவது குவார்ட்டரில் பத்து நிமிஷம் சொச்சம் பாக்கி இருக்கும்போது போர்ட்லாண்ட் 75-60 என்று முன்னிலை. 15 புள்ளி. அங்கிருந்து தோற்றார்கள். 89-84. கடைசியில் கோபி பிரையன்ட் தூக்கிப் போட, ஷாக் அந்தரத்தில் பிடித்து உள்ளே திணித்தாரே, அந்தக் காட்சியைக் கூடைப்பந்து பார்க்கும் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

அந்தக் காட்சிதான் பிரச்சினை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தோல்வி என்றதும் நினைவுக்கு வருவது ஷாக் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஓடி வருவதுதான். ஆகவே காரணமும் அவர்தான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ஆட்ட விவரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த ஏழாவது ஆட்டத்தில் ஷாக் அடித்தது மொத்தம் 18 புள்ளி. அவரைப் பொறுத்தவரை அது ரொம்பச் சுமார். போர்ட்லாண்டின் சென்டர், லித்துவேனியாவின் அர்விதாஸ் சபோனிஸும் மற்றவர்களும் சேர்ந்து அவரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு கோபி பிரையன்ட்தான் 25 புள்ளி, 11 ரீபவுண்டு, 7 அசிஸ்ட். போர்ட்லாண்டோ நான்காவது குவார்ட்டரில் அடித்த 13 ஷாட்டுகளைத் தொடர்ச்சியாக விட்டது.

புரொடக்‌ஷனில் சிஸ்டம் விழுந்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, எது உடைந்தது? போர்ட்லாண்டில் உடைந்தது ஷாக்கைத் தடுக்கும் பகுதி இல்லை. புள்ளி சேர்க்கும் பகுதி. ஆனால் அந்தக் கோடையில் அவர்கள் சரிசெய்யப் போனது உடையாத பகுதியை.

2000 கோடைக் கொள்முதல்

போர்ட்லாண்டின் உரிமையாளர் பால் ஆலன், மைக்ரோசாஃப்ட்டை பில் கேட்ஸோடு சேர்ந்து தொடங்கியவர். காசு ஒரு தடையே இல்லை. ஆகஸ்டில் மூன்று அணிகள் சேர்ந்த ஒரு டிரேடில் பிரையன் கிராண்ட் மயாமிக்குப் போக, கிளீவ்லாண்டிலிருந்து ஷான் கெம்ப் போர்ட்லாண்டுக்கு வந்தார். சியாட்டிலில் ஒரு காலத்தில் பறந்து பறந்து ஆடிய கெம்ப்தான். ஆனா 2000-இல் உடம்பு கனத்துவிட்டது, ஒப்பந்தமும் கனமானது. கிளீவ்லாண்டில் சராசரி 17.8 புள்ளி அடித்துக்கொண்டிருந்தவர், போர்ட்லாண்டில் முதல் சீசனில் 6.5. அந்த மாசக் கடைசியில் டேவிஸ் டிரேடு. ஏற்கனவே சபோனிஸ், ரஷீத் வாலஸ். பெரிய ஆட்கள் வரிசையில் நிற்க இடமில்லை.

ஜெர்மைன் ஓ'நீலை ஏன் கொடுத்தார்கள்? அவர் 1996-இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, 17 வயதில், 17-ஆவது ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவர். நாலு வருஷம் பெஞ்சு. கடைசி சீசனில் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் சொச்சம்தான் கிடைத்தது. "இப்போது ஜெயிக்க வேண்டும்" என்று துடிக்கிற அணிக்கு, "பின்னால் நல்லா வருவான்" என்ற ஆள் சுமையாகத்தான் தெரிவார்.

முடிவு? 2000-01 சீசனில் போர்ட்லாண்ட் 50 வெற்றி, 32 தோல்வி, மேற்கில் 7-ஆம் இடம். பிளேஆஃப் முதல் சுற்றில் எதிரே வந்தது, வேறு யார், லேக்கர்ஸ்தான். 3-0. கோச் மைக் டன்லீவி வேலை போயிற்று. அடுத்த வருஷமும் முதல் சுற்று, லேக்கர்ஸ், 3-0.

ஜெர்மைன் ஓ'நீல் 2001-02-இல் சராசரி 19 புள்ளி, 10.5 ரீபவுண்டு எடுத்தார். அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருது வாங்கினார். தொடர்ந்து ஆறு தடவை ஆல்-ஸ்டார் ஆனார்.

போர்ட்லாண்ட் மட்டும் இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் சியாட்டில் 38 வயது பாட்ரிக் யூயிங்கை வாங்கியது. யூயிங்குக்கே நியூயார்க்கை விட்டுக் கிளம்ப ஆசை இருந்தது, ஆகவே இதை முழுக்க ஷாக் கணக்கில் எழுத மாட்டேன். ஆனா மேற்குப் பிரிவில் இருக்கும் ஒரு அணிக்கு 7 அடி ஆளின் விலை அந்தக் காலத்தில் கூடியிருந்தது என்பது நிச்சயம். சியாட்டில் அந்த சீசன் பிளேஆஃபுக்கே போகவில்லை.

ஒரே பூட்டுக்கு இரண்டு தடவை வாங்கிய சாவி

கிழக்குப் பிரிவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே யாரும் ஃபைனல் வரை ஷாக்கைப் பார்க்கப் போவதில்லை. இருந்தும் பயம் இருந்தது.

2001 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அணி சென்டர் தியோ ராட்லிஃப், டோனி குகோச் உட்பட நாலு பேரைக் கொடுத்து, அட்லாண்டாவிலிருந்து டிகெம்பே முடாம்போவை வாங்கியது. ராட்லிஃபுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்ததும் ஒரு காரணம். முடாம்போ காங்கோ நாட்டுக்காரர், 7 அடி 2 அங்குலம், அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்கே. ஃபைனல் வரை அணியைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் ஆட்டத்தில் ஆலன் ஐவர்சன் 48 புள்ளி அடிக்க, ஃபிலடெல்ஃபியா ஓவர்டைமில் ஜெயித்தும் விட்டது. அந்த பிளேஆஃபில் லேக்கர்ஸ் தோற்ற ஒரே ஆட்டம் அது. மிச்ச நாலிலும் லேக்கர்ஸ். ஷாக் சராசரி 33 புள்ளி, 15.8 ரீபவுண்டு. நாட்டிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு எதிராக!

2002 ஃபைனலில் நியூஜெர்சி. அவர்களுடைய சென்டர் டாட் மெக்குல்லக். ஷாக் சராசரி 36.3, லேக்கர்ஸ் 4-0. அந்தக் கோடையில் நியூஜெர்சி என்ன செய்தது தெரியுமா? கீத் வான் ஹார்னையும் மெக்குல்லக்கையும் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, அதே முடாம்போவை வாங்கியது. ஒரு வருஷம் முன்னால் அந்தப் பூட்டைத் திறக்காத அதே சாவி, இப்போது 36 வயசு. அடிபட்டு 24 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2003 ஃபைனலுக்கு நியூஜெர்சி மறுபடியும் போனது. ஆனால் எதிரே லேக்கர்ஸ் வரவே இல்லை. சான் அன்டோனியோ வந்து, 4-2 என்று ஜெயித்துக்கொண்டு போனது.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

ஸ்ப்ரெட்ஷீட்டில் இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு தனி நெடுவரிசை போட்டேன். ஷாக் இருந்த லேக்கர்ஸை அந்த மூன்று கோப்பைகளுக்குப் பிறகு பிளேஆஃபில் தோற்கடித்தது இரண்டே அணிகள். 2003-இல் சான் அன்டோனியோ, 2004-இல் டெட்ராய்ட்.

சான் அன்டோனியோவிடம் டேவிட் ராபின்சன், டிம் டங்கன் என்று இரண்டு கோபுரங்கள் இருந்தன. ஆனால் அவர்கள் ஷாக்கைப் பார்த்துப் பயந்து வாங்கியவர்கள் இல்லை. ஒருவர் 1987-இலும் மற்றவர் 1997-இலும் முதல் ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவர்கள். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இதே இரண்டு கோபுரங்கள் 2001-இல் லேக்கர்ஸிடம் 4-0, 2002-இல் 4-1 என்று தோற்றிருக்கின்றன. 2003-இல் அவர்கள் மாற்றியது ரொம்பக் குறைவு. டோனி பார்க்கர், மானு ஜினோபிலி போன்ற இளசுகள் வளர்ந்திருந்தார்கள். லேக்கர்ஸ் களைத்திருந்தது.

டெட்ராய்ட் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்களுடைய சென்டர் பென் வாலஸ், காகிதத்தில் 6 அடி 9 அங்குலம். 1996 தேர்வில் எந்த அணியும் எடுக்காத ஆள். அவர் டெட்ராய்டுக்கு வந்தது எப்போது என்று பாருங்கள்: 2000 ஆகஸ்ட். போர்ட்லாண்ட் கெம்பையும் டேவிஸையும் வாங்கிய அதே மாதம்! நட்சத்திர வீரர் கிராண்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போகத் தீர்மானித்துவிட்டதால், சும்மா விடுவதற்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த இரண்டு பேரில் ஒருவர் இவர்.

2004 ஃபைனலில் டெட்ராய்ட் பெரும்பாலும் ஷாக்கை ஒற்றை ஆளிடம் விட்டுவிட்டது. அவர் அடிக்கட்டும், மற்ற நாலு பேரும் அடிக்கக்கூடாது. நான்காவது ஆட்டத்தில் ஷாக் 36 புள்ளி, 20 ரீபவுண்டு எடுத்தார். லேக்கர்ஸ் தோற்றது, 88-80. தொடர் முழுக்க ஷாக் சராசரி 26.6. கோபியின் ஷாட்டுகளில் 38 சதவீதம்தான் உள்ளே போனது. டெட்ராய்ட் 4-1. கார்ல் மலோனின் முழங்கால் காயம், லேக்கர்ஸுக்குள் இருந்த புகைச்சல் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் பூட்டைத் திறக்காமல் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே போன முதல் அணி அது.

டெட்ராய்டின் கடைசித் துண்டாக அந்த பிப்ரவரியில் வந்து சேர்ந்தவர் ரஷீத் வாலஸ். 2000-இல் அந்த 15 புள்ளி முன்னிலை கரைந்தபோது போர்ட்லாண்டில் இருந்தவர். அந்த ஃபைனலுக்குப் போகும் வழியில் டெட்ராய்ட் தோற்கடித்தது இண்டியானாவை. அந்த சீசனில் லீகிலேயே அதிகமாக 61 வெற்றி பெற்ற இண்டியானா. அதன் நட்சத்திரம் ஜெர்மைன் ஓ'நீல். போர்ட்லாண்ட் அந்த வருஷம் பிளேஆஃபுக்குப் போகவில்லை. 21 வருஷமாகத் தவறாமல் போய்க்கொண்டிருந்த அணி.

ஒரு மறுப்பு, நானே சொல்லிக்கொள்வது

"பயந்து வாங்கினவன் தோற்பான்" என்று ஒரு பழமொழி மாதிரி இதை முடித்துவிட ஆசைதான். அது நேர்மையாக இருக்காது. விளைவு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் புத்திசாலி. எதிராளியைப் பார்த்து அணியை மாற்றி, அது கிட்டத்தட்ட பலித்த கதையும் இருக்கிறது.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் காலத்தில் எல்லாம் தலைகீழ். ஸ்டெஃப் கரியின் மூன்று புள்ளி ஷாட்டுகளுக்கு முன்னால் 7 அடி சென்டர்களுக்கு வேலை குறைந்தது. உயரம் போதும் என்பது போய், யாரையும் ஓடித் தடுக்கத் தெரிய வேண்டும் என்றானது. ஹூஸ்டன் மேலாளர் டேரில் மோரி, வாரியர்ஸை எப்படித் தோற்கடிப்பது என்பதுதான் தங்கள் ஒரே நினைப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். 2017-இல் கிறிஸ் பாலையும், பி.ஜே. டக்கர் போன்ற தடுப்பாட்டக்காரர்களையும் சேர்த்தார். 65 வெற்றி. 2018 மேற்கு ஃபைனலில் 3-2 முன்னிலை. பிறகு கிறிஸ் பாலுக்குத் தொடைத் தசையில் காயம். ஏழாவது ஆட்டத்தில் தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி ஷாட்டுகளை விட்டார்கள். தோல்விதான், ஆனா அது முட்டாள்தனம் இல்லை.

வித்தியாசம் என்ன என்று யோசித்தேன். ஹூஸ்டன் தன்னிடம் ஏற்கனவே நன்றாக இருந்ததை, அதாவது ஜேம்ஸ் ஹார்டனையும் மூன்று புள்ளி ஆட்டத்தையும், இன்னும் பெரிதாக்கியது. போர்ட்லாண்ட் தன்னிடம் இல்லாததை மட்டும் பார்த்து வாங்கியது. இரண்டுமே எதிராளியைப் பார்த்துச் செய்தவைதான். ஒன்று கேள்வியிலிருந்து தொடங்கியது, இன்னொன்று பயத்திலிருந்து.

விதிகளும் மாறும். 2001-02-இல் என்பிஏ ஸோன் தடுப்பாட்டத்தை அனுமதித்தது. ஷாக்குக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிறுத்திவைக்க வழி பிறந்தது. ஒரு சென்டரின் தனி உடம்பு பலத்துக்காகக் கொடுத்த விலை, விதி மாறிய அன்றே கொஞ்சம் குறைந்துவிட்டது.

அந்த வரி ஏன் விடவில்லை

பல வருஷம் முன்னால், நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், போட்டிக் கம்பெனி ஒரு புது வசதியை வெளியிட்டது. அடுத்த வாரமே மீட்டிங். "அவங்ககிட்ட இருக்கு, நம்மகிட்ட இல்ல." அவ்வளவுதான் வாதம். டீமில் பாதிப் பேரை அதே வசதியைச் செய்யத் திருப்பினார்கள். ஒரு ஜூனியர் பெண் ஏழெட்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்த மாட்யூலை நிறுத்தினார்கள். "அண்ணா, நான் எழுதினதுல ஏதாவது தப்பா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். தப்பு எதுவும் இல்லை. நாலு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் செய்த வசதி சுமாராக வந்தது. வாடிக்கையாளர்கள் அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் அவர்கள் அனுப்பிய புகார்களை உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் எங்கள் ரிப்போர்ட் திறக்க நேரமாகிறது என்பதைப் பற்றி. போட்டிக் கம்பெனியின் பெயரே அதில் இல்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தது ரிப்போர்ட் மாட்யூல்.

அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன். தலையாட்டினேன். எதிர்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: நாம் தோற்றது நிஜமாகவே அதனாலதானா? கேட்கவில்லை.

அதனால் போர்ட்லாண்டைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன். 15 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்ட ராத்திரிக்குப் பிறகு, ஷாக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் படம் கண்ணிலேயே நிற்கும்போது, "நம்ம ஷாட்டு ஏன் விழல?" என்று கேட்பதற்கு ரொம்ப நிதானம் வேண்டும்.

ஒரு பின்குறிப்பு. 2004 ஜூலையில் லேக்கர்ஸ் ஷாக்கை மயாமிக்கு அனுப்பியபோது பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் பிரையன் கிராண்ட், 2000-இல் போர்ட்லாண்டிலிருந்து மயாமிக்குப் போனவர். அதையும் பட்டியலில் சேர்த்தாச்சு. அடுத்து 1960-களில் பில் ரஸ்ஸலின் பாஸ்டன் அணிக்கு எதிராக மற்றவர்கள் யாரை வாங்கினார்கள் என்று தொடங்கியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.